கோரைக்குளத்துப் புலம்பல்

கோரைக்குளத்தில் செங்கமலம் என்ற நீர்க்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கரையோரம் கோரைப்புல்லை வளைத்துக் கட்டிய கூடு. கீழே தண்ணீர், மேலே நிழல், வயிற்றுக்கடியில் முட்டைகள். ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும்? ஆனால் செங்கமலத்தைக் கேட்டால் ஊர்ப்பட்ட குறை சொல்லும்.

"உட்கார்ந்து உட்கார்ந்து காலு மரத்துப் போச்சு. வீட்டுக்காரர் இரை தேடப் போனா திரும்பி வர்ற நேரம் தெரியாது. இந்த எருமைப் பெரியம்மா ஒரு தடவை புரண்டு படுத்தா கூடு முழுக்க அலை!"

"அட கஷ்டமே," என்று எருமை சொல்லும். "என் கஷ்டம் யாருக்குத் தெரியுது? முதுகுல உண்ணி. வாலு எட்டாத இடமாப் பார்த்துக் கடிக்குது."

"அட கஷ்டமே," என்று தவளை மாரி சொல்லும். "எனக்குப் பிள்ளைங்களைக் கூப்பிடணும்னா பேரே ஞாபகம் வர்றதில்ல."

அந்தக் குளத்தில் தினமும் சாயங்காலம் இதுதான் நடக்கும். கோரையின் நிழல் தண்ணீரில் நீளும்போது எல்லாரும் செங்கமலத்தின் கூட்டருகே கரைச் சேற்றில் வந்து கூடுவார்கள். அதற்குப் புலம்பல் வேளை என்று பெயர். வந்து உட்கார்ந்தவர் எல்லாரும் அன்றைய குறையைச் சொல்லியாக வேண்டும். கேட்டவர்கள் "அட கஷ்டமே" என்று சொல்ல வேண்டும். யோசனை சொல்லக் கூடாது. புத்தி சொல்லவே கூடாது. சொன்னால் நண்டு வந்து காலைக் கிள்ளும். சட்டம் அவ்வளவுதான்.

ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால், எருமை கூட்டை விட்டுத் தள்ளிப் படுத்திருக்கும். அதன் முதுகில் ஒரு கொக்கு உட்கார்ந்து உண்ணி பொறுக்கிக்கொண்டிருக்கும். இதைச் செய்யச் சொன்னது யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சாயங்காலம் ஆனதும் புதுக் குறையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தக் காட்டுக்கு ராஜா ஒரு கரடி. நல்ல மனசு, அவசர புத்தி. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் குடிகளுக்கு ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஒருநாள் கரடி ராஜா தன் மந்திரியைக் கூப்பிட்டது. மந்திரி ஒரு கீரிப்பிள்ளை. அதற்கு வால் நுனி வரைக்கும் மூளை என்று காட்டில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் கீரிப்பிள்ளைதான்.

"மந்திரி, என் காட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருக்க வேண்டும்," என்றது ராஜா. "யார் சந்தோஷமாக இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து வா. மற்றவர்களையும் அப்படியே வைத்துவிடலாம்."

"உத்தரவு ராஜா! இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு," என்றது கீரிப்பிள்ளை.

அது இரண்டு ஓலைக்கூடைகளை எடுத்துக்கொண்டது. ஒன்று மலைக்கு, ஒன்று குளத்துக்கு. ஒரு மூட்டை புளியங்கொட்டையும் எடுத்துக்கொண்டது. யாராவது ஒரு குறை சொன்னால் கூடையில் ஒரு கொட்டை. எந்தக் கூடை நிறைகிறதோ அங்கே துக்கம். எந்தக் கூடை காலியோ அங்கே சந்தோஷம். எவ்வளவு சுலபம் பாருங்கள்!

முதலில் மலைக்குப் போனது. உச்சிப் பாறையில் ஒரு வரையாடு தனியாக நின்றுகொண்டிருந்தது.

"வயது என்ன?" என்று கேட்டது கீரிப்பிள்ளை.

"ஆச்சுங்க, நிறைய."

"குடும்பம்?"

"நான் மட்டும்தாங்க."

"ஏதாவது குறை உண்டா?"

வரையாடு கீரிப்பிள்ளையைப் பார்த்தது. அதன் கையில் இருந்த கூடையைப் பார்த்தது. பிறகு கால் மாற்றி நின்றுகொண்டு, "ஒன்னும் இல்லைங்க," என்றது.

அடுத்த பாறையில் கழுகு. "இல்லை," என்றது கழுகு. அதற்கடுத்த வளையில் முள்ளம்பன்றி. அது வெளியே தலையைக்கூட நீட்டவில்லை. "இல்லை," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

கூடை காலி. கீரிப்பிள்ளை துள்ளிக்கொண்டு மலையிறங்கியது.

குளத்துக்கு வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. புலம்பல் வேளை. விதி யாரை விட்டது?

"பிள்ளைகள் எத்தனை?" என்று தவளை மாரியைக் கேட்டது கீரிப்பிள்ளை.

"நேத்துக் கணக்கா, இன்னைக்குக் கணக்கா?"

"சரி, விடு. ஏதாவது குறை உண்டா?"

கேட்டதுதான் தாமதம். மாரி தொடங்கியது. எருமை தொடர்ந்தது. செங்கமலம் இரண்டு பேரையும் நிறுத்திவிட்டுத் தன் கதையைச் சொன்னது. நண்டு தன் பங்குக்கு, கிள்ள ஆளில்லாமல் போரடிக்கிறது என்றது. கீரிப்பிள்ளை இரண்டு கையாலும் கொட்டையை அள்ளிப் போட்டது. கூடை நிறைந்து வழிந்தது. அதற்குமேல் அங்கே நிற்க அதற்குப் பயமாகிவிட்டது.

நேராக ராஜாவின் குகைக்கு ஓடியது.

"ராஜா, கண்டுபிடித்துவிட்டேன்! மேட்டில் இருப்பவர்களுக்குச் சந்தோஷம், பள்ளத்தில் இருப்பவர்களுக்குத் துக்கம். தனியாக இருந்தால் சந்தோஷம், கூட்டமாக இருந்தால் துக்கம். பிள்ளைகள் அதிகமானால் கேட்கவே வேண்டாம். இதோ கூடைகள், தாங்களே பாருங்கள்."

ராஜா பார்த்தது. நிறைந்த கூடையைக் கண்டதும் அதற்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ பாவம், குளத்துக் குடிகள்! எல்லாரையும் உடனே மலையில் ஏற்றிவிடு."

மறுநாள் காலையில் மரங்கொத்தி குளக்கரை மரத்தில் தட்டி உத்தரவைச் சொன்னது. அமாவாசைக்குள் எல்லாரும் மலைக்குப் போய்விட வேண்டும். ஆளுக்கு ஒரு பொந்து. ஒரு பொந்துக்கும் அடுத்த பொந்துக்கும் நடுவே குரல் எட்டக் கூடாது. மீன்களை என்ன செய்வது என்பது மட்டும் மந்திரிக்கு விளங்கவில்லை. அதற்கு ஒரு குழு போட்டிருந்தது.

குளம் கலங்கிப் போயிற்று. எருமை நாள் முழுக்க அசை போட மறந்து நின்றது. மாரி, எந்தப் பிள்ளையை எந்தப் பொந்தில் விடுவது என்று தெரியாமல் அழுதது. ஆனால் எல்லாரையும்விடப் பெரிய பயம் செங்கமலத்துக்குத்தான். முட்டைகள் பொரிய அமாவாசைக்குப் பிறகும் சில நாள் வேண்டும். அது எழுந்து மலைக்குப் போனால் முட்டைகள் சூடு ஆறிவிடும். ஆறிய முட்டை கூமுட்டை. குஞ்சு வராது.

"நான் எழுந்திரிக்க மாட்டேன்," என்றது செங்கமலம்.

செய்தி போனது. கீரிப்பிள்ளை வந்தது.

"ராஜாவின் உத்தரவு. முட்டைகளைப் பற்றிக் கவலைப்படாதே. அவற்றை நானே பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்," என்றது. முட்டை என்று சொல்லும்போது அதன் நாக்கு வெளியே வந்து மீசையைத் தடவிவிட்டுப் போயிற்று. கீரிப்பிள்ளை வேண்டுமென்று செய்திருக்காது. பழக்கதோஷம். இருந்தாலும் நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்கு முன்னால் வந்து நின்றது.

"நான் ராஜாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்," என்றது செங்கமலம்.

"அப்படியானால் சபைக்கு வா."

"அடைகாக்கிறவ எப்படி வர்றது? ராஜாவை இங்க வரச் சொல்லுங்க."

குளத்தில் ஒரு குமிழிகூட வெடிக்கவில்லை. ராஜாவை வரச் சொல்வதா! கீரிப்பிள்ளைக்கு வால் ரோமம் சிலிர்த்துக்கொண்டது. இதற்குத் தண்டனை நிச்சயம் என்ற சந்தோஷத்தில் ஓடிப்போய் ராஜாவிடம் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னது.

ஆனால் கரடி ராஜா கோபப்படவில்லை. நல்ல மனசு என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? எழுந்து நடந்து குளக்கரைக்கே வந்துவிட்டது.

"உனக்கு நல்லது செய்யத்தானே பார்க்கிறேன், செங்கமலம்? கூடை நிறையக் குறை சொன்னாயாமே."

"சொன்னேங்க ராஜா. இன்னைக்கும் சொல்வேன்."

"பிறகு ஏன் மலைக்குப் போக மாட்டேன் என்கிறாய்? அங்கே ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை."

"அப்படின்னா ஒன்னு செய்யுங்க ராஜா. மலைக்காரங்க ஒரே ஒரு சாயங்காலம் இங்க வந்து எங்களோட உட்காரட்டும். எங்க புலம்பலைக் கேட்ட பிறகும் ஒரு குறையும் இல்லைன்னு அவங்க சொன்னா, முட்டையை விட்டுட்டு முதல் ஆளா நான் மலையேறுறேன்."

"அக்கா! என்ன பேச்சு இது?" என்று பதறியது மாரி.

செங்கமலத்துக்கும் பயம்தான். ஆனால் வாயிலிருந்து வந்த சொல் முட்டையிலிருந்து வந்த குஞ்சு மாதிரி, திரும்ப உள்ளே போகாது.

"சம்மதம்," என்றது ராஜா.

மறுநாள் சாயங்காலம் மலைக்காரர்கள் வந்தார்கள். கழுகு இறங்கி ஒரு பட்டமரத்தில் தனியாக உட்கார்ந்தது. முள்ளம்பன்றி ஒரு புதருக்குப் பின்னால் ஒதுங்கியது. வரையாடு எல்லாருக்கும் கடைசியாக, மெல்ல மெல்ல இறங்கி வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றது. ராஜா நடுவில் உட்கார்ந்தது. கீரிப்பிள்ளை காலிக் கூடையோடும் கொட்டை மூட்டையோடும் பக்கத்தில் உட்கார்ந்தது.

புலம்பல் தொடங்கியது. மாரி சொன்னது. "அட கஷ்டமே," என்றது குளம். எருமை சொன்னது. "அட கஷ்டமே," என்றது குளம். பிறகு மலைக்காரர்களின் முறை வந்தது.

"இல்லை," என்றது கழுகு.

"இல்லை," என்றது முள்ளம்பன்றி.

"எனக்கு ஒன்னும் இல்லைங்க," என்றது வரையாடு.

கீரிப்பிள்ளை காலிக் கூடையைக் கவிழ்த்துக் காட்டியது. "பார்த்தீர்களா ராஜா? மலை மலைதான்!"

செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டது. வயிற்றுக்கடியில் முட்டைகள் கதகதப்பாக இருந்தன. ஒரு முட்டைக்குள் ஏதோ லேசாக அசைந்தது. நாளைக்கு இந்நேரம் அது அசையாது. ராஜா பெருமூச்சு விட்டு எழுந்தது.

"இருங்க ராஜா," என்றது நண்டு. "செங்கமலம் இன்னும் சொல்லல. வந்து உட்கார்ந்தவங்க எல்லாரும் சொல்லணும். சட்டம்."

செங்கமலத்துக்கு இப்போது வாதம் செய்யத் தோன்றவில்லை. கால் மரத்ததும் அலை அடித்ததும் நினைவுக்கே வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு," என்றது. "வாய்த் துடுக்குல ராஜாகிட்ட பந்தயம் கட்டிட்டேன். என் வாயால என் குஞ்சுங்க சாகப் போகுது. அதுதான் இன்னைக்கு என் குறை."

"அட கஷ்டமே" என்று சொல்ல மறந்து குளத்துக்காரர்கள் கூட்டையே பார்த்தார்கள்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அட கஷ்டமே."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வரையாடு! அது ஓர் அடி முன்னால் வந்தது. அந்த ஒரு சொல் வெளியே வந்ததும், அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்துவிட்டது.

"என் குளம்புல ஒரு கல்லு சிக்கியிருக்குங்க. போன மழைக்காலத்துலேர்ந்து. நின்னாலும் வலிக்குது, நடந்தாலும் வலிக்குது."

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மந்திரி கேட்டபோது ஏன் சொல்லவில்லை?"

"அவர் வயசு கேட்டார், குடும்பம் கேட்டார், கூடையோட அவசரமா நின்னார். சொன்னா உட்கார்ந்து கேட்பார்னு தோணல. மலையில பக்கத்துல வேற யாரும் இல்லைங்களா, எனக்கும் சொல்லிப் பழக்கம் விட்டுப் போச்சு. இந்த அம்மா தன் பயத்தைச் சொன்னதும் எனக்கு வாய் திறந்துகிச்சு."

வழக்கப்படி உதவி எல்லாம் மறுநாள் காலையில்தான். நண்டுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று பக்கவாட்டில் ஓடி, வரையாட்டின் குளம்பில் கொடுக்கை நுழைத்து, ஒரே இழுப்பில் கல்லை வெளியே எடுத்தது. வரையாடு காலை ஊன்றியது. மறுபடி ஊன்றிப் பார்த்தது. பிறகு கரையை ஒரு சுற்றுச் சுற்றி ஓடி வந்தது!

அவ்வளவுதான், மலையின் மடை திறந்துகொண்டது.

"என் முள்ளைப் பார்த்துட்டு யாரும் பக்கத்துல வர்றதில்ல," என்று புதருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது முள்ளம்பன்றி. "குளிர்ல நான் மட்டும் சுருண்டு கிடக்கேன்."

"அட கஷ்டமே!" என்றது குளம்.

"மேலேர்ந்து எனக்கு எல்லாரும் தெரியறாங்க," என்றது கழுகு. "யாராவது ஒருத்தர் நிமிர்ந்து என்னைப் பார்க்கணுமே! பார்த்தாலும் ஓடி ஒளியறாங்க."

"அட கஷ்டமே!" என்ற மாரி, கழுகிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது. அனுதாபம் வேறு, ஜாக்கிரதை வேறு.

கீரிப்பிள்ளை கொட்டையை அள்ளி அள்ளிப் போட்டது. கூடை நிறைந்தது. மூட்டை காலியானது. கொட்டை தீர்ந்த பிறகும் மலைக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வருஷக்கணக்கில் சேர்ந்த குறை, சீக்கிரம் தீருமா?

ராஜா வழிந்த கூடையைப் பார்த்தது. பிறகு மந்திரியைப் பார்த்தது.

"மந்திரி, உன் கொட்டைக் கணக்குப்படி நேற்று வரை சந்தோஷமாக இருந்த மலை இன்று துக்கத்தில் மூழ்கிவிட்டது. அப்படித்தானே?"

"அப்படித்தான் ராஜா."

"அப்படியானால் இந்த வரையாடு ஏன் சிரித்துக்கொண்டிருக்கிறது?"

கீரிப்பிள்ளை வரையாட்டைப் பார்த்தது, கூடையைப் பார்த்தது. வால் நுனி வரைக்கும் தேடியும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

"உத்தரவை ரத்து செய்கிறேன்," என்றது ராஜா. "யாரும் எங்கேயும் போக வேண்டாம். செங்கமலம், நீ ஜெயித்துவிட்டாய்!"

குளம் அதிர்ந்தது. எருமை சந்தோஷத்தில் தண்ணீருக்குள் தொபுக்கென்று விழுந்தது. அலை வந்து கூட்டை நனைத்தது. செங்கமலம் அன்றைக்கு மட்டும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சிறகை விரித்து முட்டைகளை இறுக மூடிக்கொண்டு அழுதது. ஆனந்தத்தில் அழுதது.

ராஜா புறப்பட எழுந்தது. நண்டு குறுக்கே வந்து நின்றது.

"ராஜாவும் உட்கார்ந்தீங்க. ராஜாவும் சொல்லணும். சட்டம்."

கரடி ராஜா சுற்றுமுற்றும் பார்த்தது. ராஜாவிடம் குறை சொல்ல எல்லாரும் உண்டு. ராஜா யாரிடம் போய்ச் சொல்லும்? அது தயங்கித் தயங்கி உட்கார்ந்தது.

"எனக்கு வயதாகிவிட்டது. என்னால் இப்போது மரம் ஏற முடியவில்லை," என்றது மெல்லிய குரலில். "தேன் சாப்பிட்டு வெகு காலம் ஆகிறது. கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று தேன் பிடிக்காதது போல நடிக்கிறேன்."

"அட கஷ்டமே!" மலையும் குளமும் சேர்ந்து சொல்லின.

"ராஜா, அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஓர் ஏணி செய்து..." என்று தொடங்கியது கீரிப்பிள்ளை. "ஆ!" என்று முடித்தது. நண்டு தன் கடமையைச் செய்துவிட்டது.

"இப்போ உங்க முறை," என்றது நண்டு.

கீரிப்பிள்ளை காலைத் தடவிக்கொண்டே வெகு நேரம் யோசித்தது. "எனக்கு எண்ணத் தெரியாது," என்றது கடைசியில். "அதனால்தான் கொட்டை போட்டேன்."

குளம் ஒரு கணம் திகைத்தது. பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அட கஷ்டமே!" என்றது. கீரிப்பிள்ளைக்கு மார்பிலிருந்து ஒரு பாறையை இறக்கி வைத்தது போல இருந்தது.

மறுநாள் காலையில் ராஜா கண் விழித்தபோது குகை வாசலில் வரையாடு நின்றது. ஒன்றும் சொல்லாமல் முன்னால் நடந்தது. ராஜா பின்னால் போனது. மலைச்சரிவில், நின்றபடியே கை எட்டும் உயரத்தில், ஒரு பாறை இடுக்கில் தேன்கூடு இருந்தது. மலையில் வாழ்பவர்களுக்குத்தானே மலையின் இடுக்கு தெரியும்! ராஜா அன்றைக்கு முகமெல்லாம் தேனாகத் திரும்பி வந்தது. கௌரவத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

வரையாடு மலையை விட்டு வரவில்லை. அதற்கு மலைப்புல்தான் ருசி, பாறைதான் வசதி. ஆனால் சாயங்காலம் ஆனால் இறங்கி வந்துவிடும். முள்ளம்பன்றியும் கூடவே வரும். மாரியின் பிள்ளைகள் கூடையிலிருந்த புளியங்கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடும். கீரிப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ரகசியமாக எண்ணக் கற்றுக்கொள்ளும்.

அமாவாசை கழிந்தது. ஒரு சாயங்காலம், சரியாகப் புலம்பல் வேளையில், முதல் முட்டை விரிசல் விட்டது. ஈரத் தலை ஒன்று வெளியே வந்தது. உலகத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்து கீச்சென்று கத்தியது.

"என்னவாம்?" என்று கேட்டது ராஜா.

"குளிருதாம்," என்றது செங்கமலம், பெருமை பிடிபடாமல்.

மலையும் குளமும், மந்திரியும் ராஜாவும், ஒரே குரலில் காடு அதிரச் சொன்னார்கள்: "அட கஷ்டமே!"

மேடோ பள்ளமோ, தனிக்கட்டையோ பெருங்குடும்பமோ, நம் குறையைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்கும் இடமே நாம் சுகமாக வாழும் இடம்.